நாலாவது சபைக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பாடசாலையில் வளர்ந்து, 15 வயதில் திடப்படுத்தல் (விசுவாசத்தை நானே அறிக்கையிடும் சடங்கு) பெற்றவள். அந்த 15 வயதில் நின்ற இடத்திலேயே இன்னும் நிற்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டு வருஷத்தில் மூன்று சபை பார்த்துவிட்டேன். அம்மாவின் சபையில் பிரசங்கத்துக்கு உயிர் இல்லை. அடுத்த சபையில் பாட்டெல்லாம் நன்றாக இருந்தது, ஆழம் இல்லை. இப்போது போகிற வீட்டுக் கூட்டத்தில் ஆழம் இருக்கிறது, ஆனால் என்னை யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். அம்மாவின் வீட்டு உறுதிப் பத்திர விஷயத்தில் அக்காவோடு நாலு வருஷமாகக் கதை இல்லை. செபிக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கை போனுக்குப் போய்விடுகிறது. எனக்கு எங்கேயும் ஆவிக்குரிய ஆகாரம் கிடைக்கவில்லை. வேறு சபைக்குப் போகலாமா? என் வளர்ச்சிக்கு யார்தான் பொறுப்பு?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் மூன்று சபைகளும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தரம் வாசித்தபோது, நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிற அக்காவைப் பற்றிய வரியில் வந்து நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டியது வேறொன்று.

போதகர் வேலையோடு உளவளத்துணையும் செய்கிறவன் நான். அந்த முறையில் கேட்கிறேன்: நித்திரை எப்படி? பசிக்கிறதா? முன்பு சந்தோஷம் தந்த விஷயங்கள் இப்போதும் தருகின்றனவா? எரிச்சலும், மனம் ஒன்றில் நிற்காமையும், எதிலும் ருசியில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக ஒவ்வொரு நாளும் இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது வைத்தியரை. வாய்விட்டுப் பேச வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்று எண்ணி, உபவாசத்துக்கு மேல் உபவாசம் இருந்து உடம்பையும் கெடுத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் நித்திரை கொள்ள விட்டான்.

சரி, அப்படி ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

"ஆகாரம் கிடைக்கவில்லை" என்பது நம் சபைகளில் பழகிப்போன சொல். சபை மாறுகிற எல்லோரும் என்னிடம் இதைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சுக்கு மூலமான வேதபகுதியைப் போய்ப் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். எபிரெயர் 5ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். காலத்தைப் பார்த்தால் நீங்கள் இதற்குள் போதிக்கிறவர்களாக ஆகியிருக்க வேண்டும், ஆனால் இன்னும் பாலைத்தானே கேட்கிறீர்கள் என்று எழுதியவர் குறைப்படுகிறார். குறை கேட்பவர்களுடையது, பரிமாறியவரை அவர் குற்றம் சொல்லவில்லை. பலமான ஆகாரம் யாருக்கு என்றும் சொல்கிறார்: நன்மை எது தீமை எது என்று பகுத்தறியப் பயிற்சியினால் பழகிய பூரண வயதுள்ளவர்களுக்கு. நல்ல பிரசங்கம் கேட்டவர்களுக்கு என்று அவர் எழுதியிருந்தால் நீங்கள் சபை மாறுவதில் நியாயம் இருந்திருக்கும்.

பவுல் தீமோத்தேயுவுக்கு "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று எழுதுகிறாரே, அங்கேயும் எபிரெயரில் இந்த இடத்திலும் கிரேக்கத்தில் இருப்பது ஒரே வேர்ச்சொல். உடற்பயிற்சிக்கூடத்தில் விளையாட்டு வீரர்கள் பழகுவதற்குச் சொல்கிற சொல். "முயற்சி" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கும்போது அந்த வியர்வை நாற்றம் வருவதில்லை. சுதந்திரச் சதுக்கத்தில் விடியற்காலையில் எத்தனை பேர் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறார்கள்! வாங்கில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்குச் சீனி வருத்தம் குறையுமா? நல்ல பயிற்றுநரைத் தேடி வாங்கு மாறி வாங்கு உட்கார்ந்தாலும் குறையாது.

என்ன ஐயா, போதகர்களுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எபிரெயர் 13:17 வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் நடுக்கம்தான். உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ண வேண்டியவர்கள் என்று அங்கே எங்களைப் பற்றி எழுதியிருக்கிறது. உயிரில்லாத பிரசங்கம் செய்கிறவன் அதற்குக் கணக்குக் கொடுப்பான். ஆனால் எபேசியர் 4ஆம் அதிகாரத்தின்படி எங்களை வைத்திருப்பது பரிசுத்தவான்கள் சீர்பொருந்தி ஊழிய வேலை செய்வதற்காக. உங்களை எழுப்பி நடக்க விடுவது எங்கள் வேலை, காலமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிவது அல்ல. அப்புறம் ரோமர் 14:12 ஒன்று இருக்கிறது. அவனவன் தன்னைக்குறித்துக் கணக்கு ஒப்புவிப்பான். நீங்கள் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவர். வேறொருவரின் பேரேட்டைக் காட்டி உங்கள் கணக்கை முடிக்க முடியாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போதகன் என்பதால் போதகர் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் கதையையும் சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்து ஏழெட்டு வருஷம் ஆன காலம். ஒரு சனிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் வேதாகமத்தை விரித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு, "இது சபைக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். எனக்காக என்று வேதத்தைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு கிழமையும் ஊருக்கெல்லாம் சமைத்துக் கொடுத்துவிட்டு நானே பட்டினி. அன்றைக்கு யாரையும் குறை சொல்ல எனக்கு வழி இருக்கவில்லை. என் சபையின் போதகர் நானே!

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொழும்பில் நாம் கண்டதையும் நினைத்துப் பாருங்கள். கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் உயிர்த்த ஞாயிறு ஆராதனையிலேயே குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மறு வருஷம் கொரோனா வந்து எல்லாச் சபைகளின் கதவும் மூடியது. அந்த நாட்களில் நான் எத்தனையோ வீடுகளுக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். சில வீடுகளில், அதிகம் படிக்காத ஒரு ஆச்சி பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு சங்கீதம் வாசித்துச் செபித்துக்கொண்டிருப்பார். வேறு சில வீடுகளில் 30 வருஷம் சபையில் இருந்தவர்கள், "எப்போது ஐயா திறப்பீர்கள், எங்களுக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை" என்றார்கள். இவர்களை நான் பழிக்க மாட்டேன். தாங்களே செய்யும்படி நாங்கள் ஒருபோதும் அவர்களை விடவில்லையே. ஆனாலும் அந்த ஆச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. அவர் பாட்டுக்குச் செய்து பழகியிருக்கிறார்.

"பொறுப்பு" என்ற சொல்லை நீங்களே கேட்டதால், கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் ஒரு சிக்கலைக் காட்டுகிறேன். 2ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. தமிழில் இரண்டும் "பாரம்". கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொல். முதலாவது ஆளை அழுத்துகிற பெருஞ்சுமை, இரண்டாவது அவரவர் தோளில் கொண்டுபோகிற மூட்டை. உங்கள் தொடர்மாடியில் லிப்ட் வேலை செய்யாத நாளில் காஸ் சிலிண்டர் வந்தால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடலாம், கூப்பிடத்தான் வேண்டும். உங்கள் கைப்பையைத் தூக்கித் தர அவரைக் கூப்பிடுவீர்களா? துக்கம், வியாதி, வேலை போவது, இவையெல்லாம் சிலிண்டர். இன்றைக்கு நான் செபித்தேனா, மன்னித்தேனா, பொய் சொல்லாமல் இருந்தேனா என்பவை கைப்பை. சிலிண்டரோடு தனியாகப் போராடுகிறவர்களையும், கைப்பையை மற்றவர் தோளில் மாட்டிவிடுகிறவர்களையும் நான் ஒரே சபையில் பார்த்திருக்கிறேன். ஒரே ஆளிடம் இரண்டையும் பார்த்ததும் உண்டு.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சரி, இனி நானே பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிட வேண்டாம். அது வேறு ஒரு நோய். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணமும் சொல்லிவிடுகிறார். மாற்கு 4இல் விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழுகிறான். பயிர் எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியாது. முளை, கதிர், தானியம் என்று நிலம் "தானாய்" கொடுக்கிறது. ஆனால் விதைத்தது அவன்தான். விதைக்காத வயலைப் பார்த்துக்கொண்டு தூங்கி எழுந்தால் புல்லுத்தான் மிஞ்சும்.

இனி உங்கள் நாளுக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கரையோர ரயிலில் போகிறவராக இருந்தால், ஏறக்குறைய கால்மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. பிதுங்கிப்போகிற ரயிலில் செபிப்பதா என்று சிரிக்க வேண்டாம். கடல் பக்கம் பார்த்தபடி நின்றால் போதும். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் இரவே வீட்டில் ஒரு தரம் வாசித்துவிட்டு, ரயிலில் அதை நினைவிலிருந்து மீட்டுப் பாருங்கள். இதில் இன்றைக்கு நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் இல்லாத நாட்களும் இருக்கும், பரவாயில்லை. செபத்துக்குப் பத்து நிமிஷம் என்று எழுதியிருந்தீர்கள்; பத்து நிமிஷம் போன் பக்கம் போகாமல் உங்களால் இருக்க முடிகிறதே, அது குறைவா? ஒரு மணி நேரம் செபித்த பரிசுத்தவான்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு நாம் பத்து நிமிஷத்தை வெட்கத்தோடு எழுதுகிறோம். அந்தப் பத்தை ஒவ்வொரு நாளும் காப்பாற்றுங்கள். போனை மற்ற அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். இதற்கு ஆவிக்குரிய இரகசியம் ஒன்றும் கிடையாது.

என்னை யாரும் கவனிப்பதில்லை என்றீர்களே, அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. மெதடிஸ்த மிஷனரிகள் 1814இல் காலியில் வந்து இறங்கியபோது ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கம் உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்ப்பதற்காக, சபையாரைப் பன்னிரண்டு பேர் அளவில் குழுக்களாகப் பிரித்தார்கள். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்களுக்கு யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரியவந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கடன் வசூலில் பிறந்த ஆவிக்குரிய பழக்கம்! எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். இன்றைக்கு நம் சபைகள் பலவற்றில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை என்பதும் உண்மைதான். யாராவது கவனிக்கட்டும் என்று காத்திருக்காமல், நீங்களே ஒருவரிடம் போய்க் கேளுங்கள்: "அன்ரி, மாதத்தில் ஒரு நாள், போயா லீவிலாவது, உங்களோடு ஒரு மணி நேரம் இருக்கலாமா? என்னைக் கேள்வி கேட்க வேண்டும்." அம்மாவின் சபையில் அப்படி ஒரு அன்ரி கட்டாயம் இருப்பார். பிரசங்கம் உயிரில்லாமல் இருந்த சபையிலும் உயிருள்ள கிழவிகள் இருப்பார்கள்.

அக்காவின் விஷயம்.

கணித ஆசிரியர்கள் சொல்வார்கள், பிள்ளை ஒரு பாடத்தில் தடைப்பட்டு நின்றுவிட்டால் அடுத்த பாடத்தை எத்தனை ஆசிரியர் மாறி மாறிப் படிப்பித்தாலும் ஏறாது என்று. நீங்கள் அடுத்த சத்தியத்தை மூன்று சபையிலும் தேடுகிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்த சத்தியம் ஒன்று நாலு வருஷமாகச் செய்யப்படாமல் கிடக்கிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்து, சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முன்பு போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். உங்கள் வளர்ச்சி நின்ற இடம் 15 வயது என்று நீங்கள் எழுதினீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த உறுதிப் பத்திரத்தில் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்படுகிறேன். நான் பிழையாகவும் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அக்காவுக்குக் கிடைத்தது ஒரே வரி, சபைகளுக்குக் கிடைத்தது ஐந்தாறு வரி. இப்படி ஒரே வரியில் ஒளிந்துகொள்கிற விஷயங்களைக் கவனிக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள்.

ஒப்புரவாவது என்றால் உங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிடுவது என்று அர்த்தம் இல்லை. காணி வேறு, கதை வேறு. உறுதியில் யாருக்கு என்ன உரிமை என்பதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். நீதிமன்றம் ஏறாமல் பேசித் தீர்க்க 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. உங்கள் பிணக்கு அங்கே போகக்கூடியதா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பேச்சு நடக்கட்டும், எத்தனை காலம் எடுத்தாலும் எடுக்கட்டும். அதுவரைக்கும் அக்காவிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்க ஏன் காத்திருக்க வேண்டும்? ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இடம் விட்டுத்தான் பேசுகிறது. அக்கா போனை வைத்துவிடலாம், பழையதை எல்லாம் கிளறலாம். அது அவருடைய மூட்டை. உங்களாலானது போன் எடுப்பது. முதல் கதையில் வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், யார் செய்தது சரி என்றும் பேச வேண்டாம். "நாலு வருஷம் கதைக்காமல் இருந்தது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது அக்கா" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக நாலாவது சபை. இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் இருக்கிற இடத்திலேயே இருந்து நான் மேலே எழுதியதைச் செய்து பாருங்கள். அப்போதும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போங்கள், ஆனால் நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முந்தின இரண்டு இடத்திலும் சொல்லாமல் நழுவினீர்களோ என்று ஒரு ஊகம். சில இடங்களில் மட்டும் ஆறு நாள்கூட இருக்கக் கூடாது: காணிக்கைக்காக மிரட்டுகிற இடம், வைத்தியரிடம் போகாதே, மருந்தை நிறுத்து என்கிற இடம், பெண்களிடம் தப்பாக நடக்கிறவரை மூடி மறைக்கிற இடம், வீட்டாரோடு பேசாதே என்று பிரித்துவைக்கிற இடம். அங்கே சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை, வெளியே வந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. வயதையும் வேலையையும் வேறு சில விவரங்களையும் கொஞ்சம் மாற்றியும் இருக்கிறேன், அக்கா இதை வாசித்தாலும் தன்னைப் பற்றியது என்று கண்டுபிடிக்க மாட்டார். ஆகவே இந்தப் பதிலை அவருக்கு அனுப்பி ஆரம்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். போன்தான் எடுக்க வேண்டும்.